பட்டாணி வளரக் கூடாது

மழைக்கு முன்னால் பட்டாணி கதவைத் தட்டியபோது அவன் தலை தாழ்ப்பாளுக்கு நேராக இருந்தது. மழை விட்ட பிறகு அதே கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்தபோது, தாழ்ப்பாள் அவன் மார்புக்கு நேராக இருந்தது. படத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே வருவது அம்மாவின் குரலில் ஒரே ஒரு சொல்தான்: "வா."

ஒரு "வா"வுக்குள் ஒரு பையன் ஒன்றரைச் சாண் வளர்ந்துவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அப்போது கதவுக்குப் பக்கத்தில் நின்று அளவு நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை நில்லுடா."

பட்டாணி நின்றான். தாழ்ப்பாள் மார்பை விட்டு நகர மறுத்தது.

அளவு நாடாக்காரரை எல்லோரும் 'தொடர்ச்சி' என்று கூப்பிடுவார்கள். உதவி இயக்குநர். ஒரு காட்சியில் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தால் அடுத்த காட்சியிலும் அது திறந்திருக்கிறதா, பாதி குடித்த டம்ளர் தானாக நிறைந்துவிட்டதா என்றெல்லாம் பார்ப்பதுதான் அவர் வேலை. போன படத்தில் கதாநாயகி இடது கண்ணால் அழ ஆரம்பித்து வலது கண்ணால் அழுது முடித்ததை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார். ஜனங்கள் கவனித்தார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் தியேட்டரே எழுந்து நின்று, "கண்ணு மாறிடுச்சு! கண்ணு மாறிடுச்சு!" என்று கோரஸ் பாடியது. அதைக் கேட்பதற்காகவே சிலர் இரண்டாம் தடவை டிக்கெட் எடுத்தார்கள்.

இந்தப் படத்தில் அப்படி ஒன்றுகூட வரக் கூடாது. வராவிட்டால் அடுத்த படத்தைத் தொடர்ச்சியே இயக்கலாம் என்று தயாரிப்பாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வந்துவிட்டால் மாமனாரின் டைல்ஸ் கடை. மாமனார் ஏற்கெனவே மாப்பிள்ளைக்கென்று கடையில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டார். சுழல் நாற்காலி. அதை நினைக்கும்போதே தொடர்ச்சிக்குத் தலை சுற்றும்.

படமாகிக்கொண்டிருந்தது, எல்லோரும் சின்ன வயதில் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பெரிய நாவல். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில், மலையடிவாரத்து வீடொன்றில், 'பட்டாணி' என்று கூப்பிடப்படும் ஒரு பொடியன் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவனாகும் கதை. அவன் நிஜமாகப் பெரியவனாவது கடைசி அத்தியாயத்தில்தான். அதற்கு மீசையோடு வேறு நடிகர் தயாராக இருந்தார். அதுவரை பொடியன் பொடியனாகவே இருந்தாக வேண்டும்.

டைரக்டருக்கு அந்த நாவல்தான் உயிர். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடப்பார், சாப்பிடுவார், தும்முவார். ஊர் ஊராக அலைந்து, ஆயிரம் பையன்களைப் பார்த்து, அதில் ஆயிரம் பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பஸ் ஸ்டாப்பில் இந்தப் பையனைப் பிடித்தார். அவனுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஆனால் செட்டில் பட்டாணி என்றுதான் கூப்பிட வேண்டும், அப்போதுதான் பாத்திரம் உள்ளே இறங்கும் என்று டைரக்டர் உத்தரவு போட்டதில், சொந்தப் பெயரை யாரும் கேட்கவே இல்லை.

பாதிப் படம் முடிந்தபோது மழை வந்தது. செட்டின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மழைக்காலம் முடிகிறவரை படப்பிடிப்பு கிடையாது என்று ஆனபோது, டைரக்டர் தொடர்ச்சியின் தோளில் கையைப் போட்டார்.

"என் பட்டாணி ஒரு நூல்கூட வளரக் கூடாது. மழை விடற வரைக்கும் அவன் உன் பொறுப்பு. வாரா வாரம் நேர்ல போய்ப் பாரு."

தொடர்ச்சி ஒரு வாரம்கூடப் போகவில்லை. மழை. டைரக்டர் போனில் கேட்கும்போதெல்லாம் கூசாமல் ஒரே பதிலைச் சொன்னார்: "அப்படியே இருக்கான் சார்."

மழை விட்டுப் படப்பிடிப்பு மறுபடி தொடங்கிய அன்று காலை, அந்த 'அப்படியே' வேனிலிருந்து இறங்கியது. முதலில் ஒரு கால் வந்தது. அதற்குப் பிறகும் கால்தான் வந்தது. முழங்கால் வருவதற்குள் தொடர்ச்சி ஒரு டீயைக் குடித்து முடித்திருந்தார். பையன் நிமிர்ந்து நின்றபோது அவர் வாயிலிருந்த கடைசி வாய் டீ சட்டைக்கு வந்துவிட்டது.

குட்டையான மனிதரான வேன் டிரைவர் அவசரமாக அவரிடம் ஓடிவந்தார்.

"சார், அந்தப் பையன் வீட்ல ஒண்ணு சொல்லச் சொன்னாங்க..."

"சாப்பாட்டு விஷயம்னா மேனேஜர்கிட்ட சொல்லுங்க. டயர் விஷயம்னா யார்கிட்டயும் சொல்லாதீங்க!"

தொடர்ச்சி பையனின் பக்கம் திரும்பினார்.

"எப்படிடா இப்படி வளர்ந்தே?"

"வளரலியே சார்."

குரல் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. தொடர்ச்சி ஒரு அடி பின்னால் போனார்.

"பொய் வேற சொல்றியா? மழை பெஞ்ச இந்த ரெண்டு மாசம் என்னத்தடா தின்னே?"

"வசனத்தைத் தவிர வேற எதுவும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க சார்."

"நல்ல அம்மா!" என்றார் தொடர்ச்சி. "வளராதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

செட்டில் யாருக்கும் இதில் ஆச்சரியமே இல்லை என்பதுதான் பெரிய ஆச்சரியம். அம்மாவாக நடித்தவருக்கு நிஜத்திலும் ஒரு பையன் இருந்தான். "அந்த வயசு அப்படித்தான்" என்றார் அவர். "என் பையன் சனிக்கிழமை வரைக்கும் என் மடியில உட்கார்ந்திருந்தான். ஞாயித்துக்கிழமை எழுந்து பார்த்தா ஷேவிங் பண்ணிக்கிட்டிருக்கான்." மேக்கப்காரர் பட்டாணியின் முகவாயில் இருந்த மச்சத்தைத் தேடிப் பார்த்தார். முகம் நீண்டதில் எங்கேயோ போய்விட்டது என்று முடிவுகட்டி, பென்சிலால் புதிதாக ஒன்று வைத்தார். பையன் பாத்ரூம் எங்கே என்று தேடி அலைந்ததற்குக்கூட, "அந்த வயசுல மறதியும் சேர்ந்து வரும்" என்று விளக்கம் கிடைத்தது.

ஒப்புக்கொள்ளாதது பூனை ஒன்றுதான். படத்தில் பட்டாணியின் செல்லப் பூனை அது. மழைக்கு முன்னால் 'கட்' சொன்ன பிறகும் அவன் மடியை விட்டு இறங்காது. இன்று அவனைப் பார்த்ததும் முதுகைத் தூக்கிச் சீறிவிட்டு, விளக்குக் கம்பத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பூனைக்கே அடையாளம் தெரியல, அவ்வளவு வளர்ந்திருக்கான்" என்று தொடர்ச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. டைரக்டருக்குக் கிட்டப் பார்வை. நான்கு அடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவருக்குப் புகை. கண்ணாடி போட்டால் பத்திரிகைப் படங்களில் முகக்களை போய்விடும் என்று போட மாட்டார். மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கு அதில் படுகிற தூரத்தில் பார்ப்பார். மானிட்டரில் எது தெரிகிறதோ அதுதான் அவருடைய உலகம். ஆக, உலகத்தை ஏமாற்ற வேண்டியதில்லை, மானிட்டரை ஏமாற்றினால் போதும்.

தொடர்ச்சி முதலில் தையல்காரரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், அரைக்கால் சட்டை தொடைக்கு மேல ஏறிடுச்சு. கொஞ்சம் பிரிச்சு விடுங்க."

தையல்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பையனை அடியிலிருந்து முடிவரை பார்த்தார். பார்த்து முடிக்க நேரமானது.

"மடிச்சுத் தைச்சதெல்லாம் காலையிலேயே பிரிச்சாச்சு சார். இனிமே பிரிக்கணும்னா பையனைத்தான் பிரிக்கணும்."

"அதே துணியில ஒட்டுப் போடுங்க."

"அந்தத் துணி அந்தக் காலத்துச் சாயம் போட்டு, இந்தப் படத்துக்குன்னே நெய்தது. மிச்சம் எங்க இருக்கு?" என்று சுற்றிப் பார்த்த தையல்காரரின் பார்வை, ஜன்னலில் போய் நின்றது. ஜன்னல் திரை அதே துணி.

திரையில் பாதி கால்சட்டையானது. கால்சட்டை சரியாகிவிட்டது. ஆனால் மழைக்கு முன் முழு ஜன்னலை மூடியிருந்த திரை, மழைக்குப் பின் ஜன்னலுக்குக் கட்டிய கோவணம் போலத் தொங்கியது. தொடர்ச்சி ஜன்னலை மறைக்க அலமாரியை நகர்த்தினார். அலமாரி நகர்ந்ததில், அது இருந்த இடத்தில் மழை நீர் வடிந்த கறை தெரிந்தது. கறையை மறைக்க அம்மா நடிகையைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார்.

"நான் எப்ப சமைக்கிறது? அடுப்பு அந்தப் பக்கம் இருக்கே!"

"கையை மட்டும் நீட்டிச் சமைங்கம்மா."

அடுத்து உயரம். தொடர்ச்சி பட்டாணியின் காதில் சொன்னார். "முட்டியை மடக்கி நட. பார்க்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது."

கேமரா ஓடியது. கதவு திறந்தது. பட்டாணி முட்டியை மடக்கிக்கொண்டு, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு, வாத்து போல உள்ளே வந்தான். "அம்மா, பசிக்குது" என்றான்.

மானிட்டரிலிருந்து டைரக்டரின் மூக்கு விலகியது.

"கட்! யாருய்யா அது, டேக் நடக்கும்போது லாரியை ஸ்டார்ட் பண்றது?"

"தெருவுல சார்" என்றார் தொடர்ச்சி. "டப்பிங்ல சரி பண்ணிடலாம்."

"பட்டாணி ஏன் மூட்டுவலிக்காரன் மாதிரி நடக்கிறான்?"

"பசி சார். நாவல்ல பசியில துவண்டு வர்றான்னு இருக்கே."

டைரக்டர் நாவலை நெஞ்சிலிருந்து எடுத்து முகர்ந்தார். "பசியில துவளலாம். குந்தக் கூடாது. நிமிர்ந்து வரச் சொல்லு."

நிமிர்ந்தால் டைல்ஸ் கடை. "சார், மழையில தரையெல்லாம் ஊறியிருக்கு. கேமரா ஆடுது. தரையைக் காய வைக்க நாலஞ்சு நாள் கொடுங்க" என்று தொடர்ச்சி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். டைரக்டருக்குச் சந்தோஷம். நாவலின் முன்னுரையை இன்னும் ஒரு தடவை தியானிக்கலாம் என்று தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன்.

"என்னங்க, எப்படிப் போகுது? அப்பா உங்க நாற்காலிக்கு எண்ணெய் போட்டுட்டார். கிரீச்சுன்னு சத்தம் வந்ததாம்."

"எண்ணெயைத் துடைச்சிடச் சொல்லு. எல்லாம் நல்லாப் போகுது."

"குரல் ஏன் நடுங்குது?"

"மழைக்காத்து."

"மழைதான் விட்டுடுச்சே! பாருங்க, தங்கச்சி வீட்டுக்காரர் நேத்து எல்லார் முன்னாடியும் 'சகலை இன்னும் பொத்தான்தான் எண்றாரா'ன்னு கேட்டார். நான் விடுவேனா? அடுத்த படம் அவரோடது, பெயர் பெரிய எழுத்துல வரும்னு சொல்லிட்டேன். சொன்ன வாயை நீங்கதான் காப்பாத்தணும்."

போனை வைத்தபோது தொடர்ச்சி, மழைக்கு முன் எடுத்த வீட்டின் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். பக்கத்தில் செட் தச்சர் பீடியைக் காதிலிருந்து எடுத்து, திரும்பக் காதிலேயே வைத்தார்.

"சார், நானும் காலையிலிருந்து பார்க்கிறேன். நீங்க பையனைக் குறைக்கப் பார்க்கிறீங்க. அது நடக்காது. வீட்டைப் பெருசாக்கிட்டா?"

தொடர்ச்சி அவரைக் கட்டிப்பிடித்து, பீடி இல்லாத காதில் முத்தம் கொடுத்தார்.

கதவும் நிலையும் முதலில் உயர்ந்தன. தாழ்ப்பாள் மேலே போனது. பட்டாணியை நிறுத்திப் பார்த்தார்கள். தலை தாழ்ப்பாளுக்கு நேர். அச்சு அசல். ஆனால் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் மேசையைப் பார்த்தால் முக்காலி போல இருந்தது. மேசையைப் பெரிதாகச் செய்தார்கள். அதன் முன்னால் நாற்காலி பொம்மையானது. நாற்காலியைப் பெரிதாக்கினார்கள். ஒன்று வளர்ந்தால் அடுத்தது அழுதது. அலமாரி, அடுப்பு, அண்டா, ஜன்னல், ஜன்னல் கம்பி என்று வீடு முழுக்க வயதுக்கு வந்துகொண்டிருந்தது.

டிரைவர் வேனை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். சுவர்க் கடிகாரத்துக்குப் பதில், மூடிப்போன ஒரு ரயில் நிலையத்தின் கடிகாரம் வந்தது. மைக்கூட்டுக்குப் பதில் மருந்துக்கடைக் கண்ணாடி ஜாடி. சிலேட்டுக்குப் பதில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் ஒரு பாதி. பட்டாணியின் சட்டைப் பொத்தான்களை எடுத்துவிட்டுத் தையல்காரர் கேரம் காய்களைத் தைத்தார். "சிவப்புக் காயை மட்டும் விட்டுடுங்க மாஸ்டர், கண்ணுல படும்" என்றார் தொடர்ச்சி. அந்தப் பதற்றத்திலும் அவர் தன் தொழிலை மறக்கவில்லை.

"சார், அந்தப் பையன் வீட்ல..." என்று ஒவ்வொரு நடையிலும் டிரைவர் ஆரம்பித்தார்.

"முதல்ல பெரிய சீப்பு ஒண்ணு கொண்டாங்க!" என்று ஒவ்வொரு நடையிலும் தொடர்ச்சி அனுப்பினார்.

பட்டாணி மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டான். கொடுக்காததையும் சாப்பிட்டான். "சாப்பிடாதேடா, இன்னும் வளர்ந்துட்டா வீட்டை மறுபடியும் இடிக்கணும்" என்று தச்சர் கெஞ்சினார். அவன் வசனத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. "அம்மா, பசிக்குது" என்றான்.

"பழைய கதவு, மேசையெல்லாம் எங்க போடறது?" என்றார் தச்சர்.

"சமையல் கொட்டகை அடுப்புக்குக் கொடுத்துடுங்க. ஒரு குச்சிகூட டைரக்டர் கண்ணுல படக் கூடாது. படறதுக்கு வாய்ப்பில்ல, இருந்தாலும்."

அன்று சாப்பாடு அந்தக் காலத்து மரத்தில் வெந்தது. ருசியே தனி என்று எல்லோரும் சொன்னார்கள்.

மரம் வளர்ந்தது, மனிதர்களை என்ன செய்வது? அம்மா நடிகையின் செருப்புக்கு அடியில் செங்கல் கனத்துக்குக் கட்டை வைத்து, சேலையால் மறைத்தார்கள். அவர் நடக்கும்போது 'டொக்கு டொக்கு' என்று குதிரை போவது போலக் கேட்டது. அப்பாவாக நடித்தவர்தான் முரண்டு பிடித்தார்.

"முப்பது வருஷமா நடிக்கிறேன். என் உயரத்துல குறைன்னு இதுவரை ஒருத்தன் சொன்னதில்ல. நான் கட்டை மேல ஏற மாட்டேன்."

"உங்களுக்குக் குறைன்னு யார் சொன்னா? நாவல்ல அப்பா மலை மாதிரி நிக்கிறார்னு வருது. மலைக்கு அடிவாரம் வேணும்ல சார்?"

அடிவாரம் என்று பெயர் வைத்ததும் அவர் ஏறிவிட்டார். பிறகு இறங்கவே மறுத்து, அதிலேயே வீட்டுக்கும் போனார் என்று கேள்வி.

பக்கத்து வீட்டுக்காரர்களாக நடிக்க நெட்டையான ஆட்கள் தேவைப்பட்டார்கள். போலீஸ் வாலிபால் டீமை வரவழைத்து, வேட்டி கட்டி, கையில் அரிக்கேனைக் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்கள் பழக்க தோஷத்தில், "யாருய்யா அது?" என்ற வசனத்தைச் சொன்ன தோரணையில் தையல்காரர் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டார்.

பூனைக்கும் ஏற்பாடு நடந்தது. சமையல் கொட்டகையில் ஒரு கடுவன் பூனை இருந்தது. தலையணை அளவு. வெறுப்பே உருவான முகம். அதைத்தான் பட்டாணியின் மடியில் வைத்தார்கள். மழைக்கு முன் எடுத்த காட்சியில் இதே பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது என்பது தொடர்ச்சிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"முகத்தை மட்டும் எடுங்க" என்று கேமராக்காரரிடம் கிசுகிசுத்தார். "வாலுக்குக் கீழ கேமரா போகவே கூடாது."

எல்லாம் தயாரான அன்று தயாரிப்பாளர் வந்து நின்றார். முன்னறிவிப்பு கிடையாது. அவர் வாலிபால் டீமுக்கு நடுவில் புகுந்து, கதவைத் தாண்டி, அண்ணாந்து தாழ்ப்பாளைப் பார்த்தார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அவர் கால்கள் தரையைத் தொடவில்லை. காற்றில் ஆடின. முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி" என்றார் மெல்ல. "டாக்டர் என்னை இளைக்கச் சொன்னது வாஸ்தவம். ஆனா நான் ஏன் இப்படிச் சுருங்கிட்டேன்?"

தொடர்ச்சியின் கண் முன்னால் அடுத்த படம் எண்ணெய் போட்ட நாற்காலியாகச் சுழன்றது. காப்பாற்றியவர் டைரக்டர்தான். நாவலை அணைத்தபடி புகைக்குள்ளிருந்து வந்து, தயாரிப்பாளர் என்று நினைத்து நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தார்.

"இந்தக் கதைக்குள்ள நுழையற யாருக்கும் அப்படித்தான் தோணும். இதுக்கு முன்னால நாமெல்லாம் சின்னப் பசங்க."

தயாரிப்பாளர் கண் கலங்கிவிட்டது. இறங்குவதற்கு மட்டும் வாலிபால் டீமில் ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"டேக் போலாமா?" என்றார் டைரக்டர், மானிட்டரில் மூக்கைப் பதித்து.

செட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. அம்மா நடிகை கட்டையில் ஆடாமல் நின்றார். அடிவாரத்தில் அப்பா முறைத்தார். கடுவன் பூனை, வாலை மடக்கி உட்கார்த்தி வைக்கப்பட்டு, பிறந்ததற்காக எல்லோரையும் சபித்துக்கொண்டிருந்தது. ரயில் நிலையக் கடிகாரம் 'டங்' என்றது.

"வா" என்றார் அம்மா.

கதவு திறந்தது. பட்டாணி உள்ளே வந்தான். தலை தாழ்ப்பாளுக்கு நேராக. முட்டி மடங்கவில்லை. கரும்பலகைச் சிலேட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு அலட்சியமாக மேசையில் வைத்தான். அவ்வளவு பெரிய மேசையில் அது சிலேட்டாகவே இருந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அவன் பொடியனாகவே இருந்தான்.

"கட்!"

டைரக்டர் மழைக்கு முன் எடுத்ததையும் இப்போது எடுத்ததையும் சேர்த்து ஓட்டச் சொன்னார். தட்டினான். "வா." வந்தான். திரும்ப ஓட்டினார். தட்டினான். "வா." வந்தான். தொடர்ச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு, டைல்ஸ் விலைகளை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார்.

டைரக்டர் எழுந்தார். தடவித் தடவி வந்து, தையல்காரரையும் ஒரு கம்பத்தையும் தாண்டி, கடைசியில் தொடர்ச்சியையே கட்டிப்பிடித்தார்.

"அப்படியே இருக்கான்யா! நீ போன்ல சொன்ன மாதிரியே, தட்டினவன் எப்படியோ அப்படியே இருக்கான் வந்தவன்! ஒரு நூல் கூடல, குறையல. எப்படிய்யா வளராம பார்த்துக்கிட்டே?"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்" என்றார் தொடர்ச்சி. சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அது மட்டும் நடிப்பில்லை.

"மிச்சம் இருக்கிற சீனெல்லாம் இதே வீட்ல, இதே பையனோட, நாளையிலேர்ந்து ஓட்டிடலாம்!" என்றார் டைரக்டர்.

தயாரிப்பாளர் அண்ணாந்து வாலிபால் டீமைப் பார்த்துவிட்டு, தொடர்ச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த படம் உனக்குத்தான். கதையை யோசிச்சு வை. சின்னக் கதையா இருக்கட்டும், இந்த மாதிரி பெருசு வேணாம்."

தச்சர் விசிலடித்தார். அப்பா நடிகர் அடிவாரத்திலிருந்தே கைதட்டினார். தொடர்ச்சி அந்த மாபெரும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டார்.

"உங்கப்பாகிட்ட அந்தச் சுழல் நாற்காலியை வித்துடச் சொல்லு. ஆமா. இப்பவே. யார் கேட்டாலும் கொடுத்துடச் சொல்லு. முடிஞ்சா உன் தங்கச்சி வீட்டுக்காரரை அதுல உட்கார வை!"

அந்தப் பக்கம் மனைவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எந்தக் கண்ணால் அழுகிறாள் என்றும் தெரியவில்லை. இந்த ஒரு தடவை அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வா" என்றார் அம்மா நடிகை, பழக்கத்தில்.

அந்தப் பெரிய கதவு மெல்லத் திறந்தது. குட்டை டிரைவர் எக்கித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டினார். தொடர்ச்சி இன்று எதையும் மறுக்கும் மனநிலையில் இல்லை.

"வாங்க, வாங்க! என்ன, டயர்தானே? நாலையும் மாத்திடலாம், சொல்லுங்க!"

"டயர் இல்ல சார். நம்ம பட்டாணித் தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி குணமாயிடுச்சு, கன்னம் வத்தி வேன்ல உட்கார்ந்திருக்கான். இத்தனை நாளா அவனுக்குப் பதிலா வந்த அண்ணனைத் திருப்பி அனுப்பிடச் சொன்னாங்க அவங்க அம்மா."